பறக்கும் தட்டும் பட்டர் சுவாமியும்

வீட்டில் தட்டு பறக்கிறது என்றால் நம் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான். ஒன்று சாம்பாரில் உப்பு ஜாஸ்தி. இல்லாவிட்டால் மாதக் கடைசி. அமெரிக்காவில் அப்படியில்லை. தட்டைப் பறக்க விடுவதற்கென்றே அங்கே மைதானம் அமைத்து, சங்கம் வைத்து, விதிமுறைப் புத்தகம் அச்சிட்டு, உலகப் போட்டியும் நடத்துகிறார்கள். அந்த விளையாட்டுக்கு 'டிஸ்க் கோல்ப்' என்று பெயர்.

கோல்ப் என்றதும், "அது பணக்காரர் சமாசாரம், நமக்கெதற்கு?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இதில் பந்தும் கிடையாது, மட்டையும் கிடையாது, குழியும் கிடையாது. சுமார் 21 சென்டிமீட்டர் குறுக்களவில் ஒரு பிளாஸ்டிக் தட்டு. தரையில் நட்ட இரும்புக் கம்பம். கம்பத்தில் இடுப்பு உயரத்துக்கு ஒரு கூடை. கூடைக்கு மேலே சுற்றிலும் தொங்கும் சங்கிலிகள். ஆரம்ப இடத்திலிருந்து தட்டை எறிய வேண்டியது; விழுந்த இடத்திலிருந்து மறுபடி எறிய வேண்டியது. எத்தனை குறைந்த வீச்சில் கூடைக்குள் சேர்க்கிறோமோ அத்தனை கெட்டிக்காரத்தனம். இப்படிப் பதினெட்டுக் கூடைகள். பெரும்பாலான பொதுப் பூங்காக்களில் கட்டணம்கூடக் கிடையாது.

இந்த விளையாட்டின் பூர்வோத்தரத்தை விசாரித்தால், அது நம்முடைய இலாகாவில், அதாவது சமையலறையில், கொண்டுபோய் விடுகிறது! 1938-ல் கலிபோர்னியாவில் ஸாண்டா மோனிகா கடற்கரையில் பிரெட் மாரிஸன் என்ற வாலிபர், பின்னால் தமக்கு மனைவியாக வந்த லூஸிலுடன், கேக் சுடும் தகரத் தட்டு ஒன்றை எறிந்து விளையாடிக் கொண்டிருந்தாராம். யாரோ ஒருவர் வந்து, "அதை 25 சென்டுக்குத் தருகிறாயா?" என்று கேட்டாராம். கடையில் அதன் விலை 5 சென்ட். மாரிஸன் லாபக் கணக்குத் தெரிந்த பிள்ளை. பிற்பாடு பிளாஸ்டிக்கில் தட்டு வார்த்து, 1957-ல் 'வாம்-ஓ' என்ற பொம்மைக் கம்பெனிக்கு உரிமையைக் கொடுத்துவிட்டார். கனெக்டிகட் மாகாணத்தில் 'பிரிஸ்பி' என்ற பலகாரக் கம்பெனியின் காலித் தகரத் தட்டுகளைக் கல்லூரி மாணவர்கள் எறிந்து விளையாடுவார்கள். அந்தப் பெயரையே கொஞ்சம் எழுத்து மாற்றித் தட்டுக்குச் சூட்டிவிட்டது கம்பெனி.

அதே கம்பெனியில் வேலை பார்த்த எட் ஹெட்ரிக் என்பவர்தான் கூடையும் சங்கிலியும் கண்டுபிடித்தவர். அதற்கு முன்னால் மரத்தையோ கம்பத்தையோ குறி வைத்து எறிவார்கள். "பட்டது," என்பார் ஒருவர். "படவே இல்லை," என்பார் மற்றவர். சங்கிலி வந்தபிறகு அந்த வழக்கே ஒழிந்தது. தட்டு பட்டால் ஊருக்கே கேட்கிறாற்போல் 'ஜலீர்' என்று சாட்சி சொல்லிவிடுகிறதே! 1975-ல் முதல் நிரந்தர மைதானம் அமைத்தார். 1976-ல் சங்கம் ஆரம்பித்தார். 1977-ல் கூடைக்குக் காப்புரிமை பெற்றார். 2002-ல் அவர் காலமானபோது, அவருடைய விருப்பப்படி அஸ்தியைப் பிளாஸ்டிக்கோடு கலந்து தட்டுகளாகவே வார்த்துவிட்டார்கள். நாம் காவேரியில் கரைக்கிறோம். அவர் காற்றில் பறக்கிறார்! கேட்டபோது எனக்கு ஒருமாதிரியாகத்தான் இருந்தது. யோசித்துப் பார்த்தால், மனுஷருக்கு எது பிடித்ததோ அதில் கலந்து போனார், இதில் என்ன தப்பு என்றும் தோன்றுகிறது.

இத்தனை சமாசாரமும் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். 2023-ஆம் வருஷம் மார்ச் மாதம் நானும் இவரும் பாஸடீனா நகரத்தில் இருந்த எங்கள் பெண் வீட்டுக்குப் போயிருந்தோம். போன நாலாம் நாள், காலைக் காப்பி வேளையில், மாப்பிள்ளை பேச்சோடு பேச்சாக ஒரு வார்த்தை சொன்னார்.

"மாமா, மாம்பலம் வீட்டை விற்றுவிட்டு நீங்கள் ரெண்டு பேரும் இங்கேயே வந்துவிடுங்களேன்."

இவர் பதில் பேசவில்லை. தம்ளரை மேஜைமேல் வைத்தார். அவ்வளவுதான். அது 1961-ல் என் மாமனார் கடன் வாங்கிக் கட்டிய வீடு. கடைசித் தவணையைக் கட்டித் தீர்த்தவர் இவர். கிணற்றடித் தென்னைக்குக்கூட இவர் தகப்பனார் வைத்த தேதி தெரியும்.

அன்று முதல் மாமனாருக்கும் மாப்பிள்ளைக்கும் நேர்ப்பேச்சு இல்லை. சண்டையா என்றால் அதுவும் இல்லை. சண்டையாயிருந்தால் ஒரு நாள் ஓயும். இது மரியாதை, மரியாதைக்கு முடிவு ஏது? "அப்பாவுக்கு இன்னும் ரசம் வேண்டுமா கேள்," என்பார் மாப்பிள்ளை, என் பெண்ணிடம். "போதுமென்று சொல்லு," என்பார் இவர், என்னிடம். இருவருக்கும் நடுவே ரசப் பாத்திரம் இரண்டடி தூரத்தில் ஆவி பறக்க உட்கார்ந்திருக்கும். நானும் என் பெண்ணும் மாற்றி மாற்றித் தபால்காரர் வேலை பார்த்தோம்.

மாப்பிள்ளைக்குச் சனிக்கிழமை தவறாமல் டிஸ்க் கோல்ப் ஆட வேண்டும். ஒரு சனிக்கிழமை என் பேரன், பத்து வயசு, "தாத்தாவும் வந்தால்தான் நான் வருவேன்," என்று அடம் பிடித்தான். பேரன் உத்தரவுக்கு அப்பீல் உண்டா? எல்லோருமாகக் கிளம்பினோம்.

போன இடம் எது தெரியுமா? ஹெட்ரிக் 1975-ல் அமைத்தாரே, அதே ஓக் குரோவ் பூங்கா. இப்போது ஹாஹமோங்னா என்று வாயில் நுழையாத பெயர் வைத்திருக்கிறார்கள். பெரிய பெரிய ஓக் மரங்கள், பின்னால் மலை. பக்கத்திலேயே அமெரிக்க விண்வெளி ஆராய்ச்சிக் கூடம். அந்தப் பக்கம் செவ்வாய்க் கிரகத்துக்கு வண்டி அனுப்புகிறார்கள். இந்தப் பக்கம் தலை நரைத்தவர்கள் தட்டெறிந்து கொண்டிருக்கிறார்கள். இரண்டும் சீரியஸாகவே நடக்கிறது.

மாப்பிள்ளை நாலடி ஓடி, இடுப்பைத் திருப்பி, ஒரு வீச்சு வீசினார் பாருங்கள்! தட்டு முன்னூறு அடி பறந்து கூடைக்கு இருபது அடிக்கு அருகில் போய் இறங்கியது. பேரன் கை தட்டினான். ஆனால் அந்த இருபது அடியிலிருந்து மெள்ள எறிந்தாரே, அது சங்கிலியைத் தொடாமல் கூடை விளிம்பில் 'டங்'கென்று மோதித் தரையில் விழுந்தது! முன்னூறு அடிக்கும் ஒரு வீச்சு. இருபது அடிக்கு இரண்டு வீச்சு. கணக்கில் எல்லாம் ஒரே விலைதான்.

இவர் பாங்கியில் முப்பத்தாறு வருஷம் கணக்கு எழுதியவர். "தூரத்தில் சம்பாதித்ததைப் பக்கத்தில் தொலைக்கிறார்," என்றார் என் காதோடு. அன்றைக்கே இவருக்கு இந்த விளையாட்டில் எந்த இடத்தில் கசிவு என்பது தெரிந்துவிட்டது.

தட்டுகளில் பல ஜாதி உண்டு. தூரத்துக்கு எறியும் தட்டுக்கு ஓரம் மெலிந்து கத்திபோல் இருக்கும். வேகமாகப் போகும், தவறினால் வெகுதூரம் தாண்டிப் போய்விடும். பக்கத்திலிருந்து போடும் தட்டுக்கு ஓரம் தடித்து மழுங்கியிருக்கும். 175 கிராமுக்குள் எடை. காற்றில் நிதானமாகப் போய்ச் சங்கிலியில் பட்டதும் சாந்தமாகக் கூடைக்குள் இறங்கும். இதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'பட்டர்.' முதல் முறை கேட்டபோது எனக்கு ஸ்ரீரங்கத்துப் பட்டர் ஞாபகம்தான் வந்தது. அதுமுதல் எங்கள் குடும்பத்தில் அது 'பட்டர் சுவாமி' ஆகிவிட்டது. "பட்டர் சுவாமியை எடுங்கள்" என்றால் பேரனுக்குக்கூடப் புரியும்.

பட்டர் சுவாமியைக் கூடைக்கு எழுந்தருளப் பண்ணுவதில் இரண்டு சம்பிரதாயம். ஒன்று சுழற்றிப் போடுவது. மணிக்கட்டையும் விரலையும் வெடுக்கென்று சொடுக்கினால், தட்டு நன்றாகச் சுழன்று நேர்க்கோட்டில் போகும். சுழலும் பம்பரம் சாயாது அல்லவா, அதே ரகசியம்தான். காற்றடித்தாலும் தாக்குப்பிடிக்கும், ஆனால் தவறினால் கூடைக்குப் பின்னால் ரொம்ப தூரம் போய்விடும். மற்றொன்று தள்ளிப் போடுவது. சுழற்சி குறைவு, முழங்கால் அருகிலிருந்து கையை மேல்நோக்கி நீட்டி, காலின் பலத்தால் தட்டை மேலே தள்ளிவிட வேண்டியது. வில்போல் வளைந்து போய்க் கூடையருகில் இறங்கிவிடும். தவறினாலும் பக்கத்திலேயே கிடக்கும். மாப்பிள்ளை சுழற்றிப் போடும் கட்சி. இவர் பார்த்த மாத்திரத்தில் தள்ளிப் போடும் கட்சியில் சேர்ந்துவிட்டார். இதில் ஆச்சரியமில்லை. எங்கள் வீட்டில் எந்த முக்கியமான விஷயத்தையும் இவர் தள்ளித்தான் போடுவார்.

கூடையைச் சுற்றிப் பத்து மீட்டர், அதாவது முப்பத்து மூன்று அடி, ஒரு வட்டம். அந்த வட்டத்துக்குள் வந்துவிட்டால் தனிச் சட்டம். தட்டு விழுந்த இடத்தில் ஒரு குட்டித் தட்டை அடையாளம் வைக்கலாம்; அடையாளத்துக்குப் பின்னால் நின்று எறிய வேண்டும். எறிந்த வேகத்தில் தடுமாறி முன்னால் அடி வைத்துவிட்டால் அபராதம். நிலை தவறாமல் நின்று காட்டிய பிறகே கூடையண்டை போகலாம். தூரத்தில் ஓடு, குதி, எதுவும் செய். பக்கத்தில் வந்தபின் நிதானம் காட்டு என்கிறது சட்டம். இவர் முதலில் ஒற்றைக் காலில் கொக்குபோல் ஆடியதைப் பார்த்து என் பெண் முந்தானையால்... இல்லை, அங்கே அவள் முந்தானை ஏது, கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

இன்னும் இரண்டு சட்டம் உண்டு. அதற்குத்தான் நான் கடமைப்பட்டிருக்கிறேன். ஒருவர் எறியும்போது மற்றவர்கள் அசையாமல், பேசாமல் நிற்க வேண்டும். அதிலே எங்கள் வீட்டு ஆண்கள் இருவரும் ஏற்கெனவே தேர்ச்சி பெற்றவர்கள்! மற்றது, கூடைக்கு யார் அதிக தூரத்தில் இருக்கிறாரோ அவர்தான் முதலில் எறிய வேண்டும்.

மூன்றாவது சனிக்கிழமை இவரும் தட்டெடுத்து ஆடத் தொடங்கினார். ஐந்தாவது கூடையருகில் இருவர் தட்டும் வட்டத்துக்குள் கிடந்தன. நானும் என் பெண்ணும் பேரனோடு பின்னால் வந்துகொண்டிருந்தோம். தபால்காரர் யாரும் அருகில் இல்லை. இருவரும் கொஞ்ச நேரம் மரத்தைப் பார்த்தார்கள், மலையைப் பார்த்தார்கள். கடைசியில் மாப்பிள்ளை சொன்னார்:

"நீங்கள்தான் தூரம் மாமா. முதலில் நீங்கள்தான்."

இவர் தட்டால் தூரத்தை அளப்பதுபோல் கையை நீட்டிப் பார்த்து, "இல்லை, நீங்கள்தான் ஓரடி தள்ளியிருக்கிறீர்கள்," என்றார். அளந்தும் பார்த்துவிட்டார்கள்! மூன்று வாரத்தில் நேராகப் பேசிய முதல் பேச்சு அது. விஷயம் என்னவோ ஓரடி நிலம்தான்.

அதன் பிறகு இவருக்குப் பித்தே பிடித்துவிட்டது. கொல்லைப்புறத்தில் மாப்பிள்ளை வைத்திருந்த மடக்குக் கூடை முன்னால் காலையும் மாலையும் இவரைப் பார்க்கலாம். கையில் நோட்டுப் புத்தகம். பத்தடியிலிருந்து இருபது, பதினைந்து அடியிலிருந்து இருபது, இருபது அடியிலிருந்து இருபது. விழுந்தது இத்தனை, விழாதது இத்தனை, பாக்கி இத்தனை. பற்று வரவு அன்றன்றே நேராகிவிடும். காற்று எதிரே வந்தால் தட்டு மேலே எழும்பும். பின்னாலிருந்து வந்தால் அமுங்கி விழும். வலக்கைக்காரர் தட்டு முடிவில் இடப்பக்கம் சாயும். ஆகவே கம்பத்துக்குச் சற்று வலப்புறச் சங்கிலியைக் குறி வைக்க வேண்டும். அதிலும் மொத்தக் கூடையைப் பார்க்கக்கூடாது, ஒரே ஒரு சங்கிலிக் கண்ணியைப் பார்க்க வேண்டும். இவற்றையெல்லாம் மாப்பிள்ளை சொல்ல, இவர் சிவப்பு மசியில் குறித்துக் கொண்டார். ஒரு மாதத்தில் பதினைந்து அடியில் இருபதுக்குப் பதினேழு!

நானும் சும்மா இருக்கவில்லை. எனக்குக் கைவந்தது கூடையில் போடுவதைவிட, நூறு அடி தூரத்திலிருந்து கூடைக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கும் வீச்சு. ஓடவேண்டியதில்லை; பலம் வேண்டியதில்லை. நின்ற இடத்திலிருந்தே பட்டரைத் தாழ்வாக, தட்டையாக விட வேண்டும். சாய்ந்து விழுந்தால் விளிம்பில் நின்று வண்டிச் சக்கரம்போல் உருண்டு போய்விடும். தட்டையாக விழுந்தால் படுத்த இடத்திலேயே கிடக்கும். சிறு வயசில் வாசலில் பாண்டி ஆடியிருக்கிறீர்களா? கடைசிக் கட்டத்துக்குச் சில்லை எறியும்போது கோட்டைத் தொடாமல், நழுவாமல், அங்கேயே உட்கார வைப்போமே! அந்தக் கை மறக்கவில்லை. "மாமி, எங்கே பழகினீர்கள்?" என்று மாப்பிள்ளை கேட்டார். "கும்பகோணத்தில், ஏழாவது வயசில்," என்றேன்.

பெண்களுக்கு இதில் இடமுண்டா என்று கேட்காதீர்கள். பெய்ஜ் பியர்ஸ் என்ற அமெரிக்கப் பெண் 2011-க்கும் 2019-க்கும் இடையில் ஐந்து முறை உலகப் பட்டம் வென்றிருக்கிறார். எஸ்தோனியா என்ற சின்ன தேசத்திலிருந்து வந்த கிறிஸ்டின் தத்தார் 2022-லும் 2023-லும் வென்றார். அவர் எறிவதைத் தொலைக்காட்சியில் பார்த்தேன். முகத்தில் ஒரு சுளிப்பு, ஒரு பரபரப்பு, ஊஹூம்! தயிர்ப் பானையை உறியில் ஏற்றி வைக்கிறாற்போல் அத்தனை பதவிசு.

மே மாதம் வேறொரு பூங்காவுக்குப் போனோம். அங்கே ஒரு கூடை சரிவின் ஓரத்தில் நின்றது. பின்னால் ஒரே பள்ளம். மாப்பிள்ளையின் தட்டு நாற்பதடி தூரத்தில் கிடந்தது. துணிந்து எறிந்தால் விழலாம். தவறினால் பள்ளத்தில் உருண்டு எங்கே போய் நிற்குமோ! அவர் வழக்கம்போல் கையை ஓங்கினார்.

"மாப்பிள்ளை, அசலைக் காப்பாற்றுங்கள், வட்டியை அப்புறம் பார்க்கலாம்," என்றார் இவர்.

மாப்பிள்ளை சிரித்துவிட்டு, கூடைக்கு முன்னால் மெதுவாகப் போட்டு, அடுத்த வீச்சில் முடித்தார். அடுத்த கூடைக்கு முன்னால் வேறு கோஷ்டி ஆடிக் கொண்டிருந்தது. காத்திருக்க வேண்டும். மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்தோம். மாப்பிள்ளை கையிலிருந்த தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபடி, யாரும் கேட்காமலே பேச ஆரம்பித்தார்.

"எங்கள் அப்பா குளியலறையில் விழுந்தது காலை ஆறு மணிக்கு. பால்காரர் பார்த்தது எட்டரை மணிக்கு. அந்த ரெண்டரை மணி நேரம் அவர் என்ன நினைத்திருப்பார் என்றுதான் மாமா எனக்கு..."

மேலே பேசவில்லை. அது 2021 மே மாதம். கொரோனா இரண்டாம் அலை உச்சத்தில் இருந்த சமயம். அவர் திருச்சியில் தனியாக இருந்தார். மாப்பிள்ளையால் விமானம் ஏற முடியவில்லை. காரியமெல்லாம் கைபேசித் திரையில் பார்த்தார். இது எங்களுக்குத் தெரிந்த விஷயம்தான். ஆனால் மாம்பலம் வீட்டுப் பேச்சுக்கும் அந்த ரெண்டரை மணி நேரத்துக்கும் சம்பந்தம் உண்டென்று எங்களுக்குத் தோன்றவில்லை, அவரும் சொல்லவில்லை. வீட்டின் விலையைக் கேட்கிறார் என்று இவர் நினைத்துக் கொண்டிருந்தார்.

இவர் அப்போதும் பதில் சொல்லவில்லை. எழுந்து, "நம்முடைய முறை வந்துவிட்டது," என்று மட்டும் சொன்னார். அன்று ராத்திரி சாப்பாட்டில் ரசப் பாத்திரத்தைத் தம் கையாலேயே எடுத்து, "இன்னும் கொஞ்சம் விடட்டுமா மாப்பிள்ளை?" என்று கேட்டார். என் பெண் தலையைக் குனிந்துகொண்டு அப்பளத்தை நொறுக்கினாள்.

வீட்டை விற்கவில்லை. அதைச் சொல்லிவிட வேண்டும். கொல்லைப்புறத்தில் கூடைக்கு முன்னால் நின்றபடியே நாலைந்து மாலையில் இருவருமாகப் பேசி முடிவு செய்தார்கள். மாம்பலத்தில் குளியலறைச் சுவரில் கைப்பிடி, வழுக்காத தரை. மாடியில் குடியிருப்பவரிடம் ஒரு மாற்றுச் சாவி. தினம் காலை ஏழு மணிக்கு இவர் மாப்பிள்ளைக்குப் போன் பண்ண வேண்டும், பெண்ணுக்கு அல்ல. விற்பதைப் பற்றி இவருக்கு எழுபத்தைந்து வயசு ஆனபின் மறுபடி பேசலாம். அதாவது, தள்ளிப் போட்டிருக்கிறார்கள்! மாப்பிள்ளைக்கு இதில் பூரண திருப்தி இல்லை என்பது எனக்குத் தெரியும். இவருக்கும் தெரியும். ஏழு மணிப் போன் ஒரு நாளும் தவறியதில்லை.

ஊர் திரும்பும்போது பெட்டியில் நாலு பட்டர் சுவாமிகள் வந்தார்கள். வந்த மறு வாரமே இவர் இரும்புக் கடைக்குப் போய், ஒன்றரை அடி நீளத்தில் இருபத்து நாலு சங்கிலி கேட்டார். கடைக்காரர் இவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "சார் எத்தனை மாடு வைத்திருக்கிறீங்க?" என்றாராம். ஒரு பழைய சைக்கிள் சக்கரத்தில் அவற்றைக் கோத்து, கீழே கம்பிக் கூடை கட்டி, மொட்டை மாடியில் நிறுத்தியாயிற்று. விடிந்தால் 'ஜலீர், ஜலீர்' தான். நாலாம் நாள் மாடியில் குடியிருப்பவர் தூக்கக் கலக்கத்தோடு மேலே ஏறி வந்தார். அது என்ன சப்தம் என்று கேட்கத்தான் வந்திருக்க வேண்டும். இப்போது இவருடைய நோட்டுப் புத்தகத்தில் அவருக்கென்று தனியாக ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறது. பத்தடியில் இருபதுக்கு ஆறு.